பெட்டியும் வேண்டும், பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டும்
கிராமத்துக்குத் தொலைபேசி வந்த வரலாறும் நமக்கான பாடமும்



மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேணும்னு கேட்டபோது, குழுக்கள் தொடங்கிய கதையைத்தான் எல்லாரும் எதிர்பார்த்திருப்பீங்க. 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் பெண்கள் குழுக்கள் தொடங்கியது, 1997-98-ல் அது மகளிர் திட்டமாகத் தமிழ்நாடு முழுக்கப் பரவியது எல்லாம் நமக்குப் பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்த பாடம். அதனால் நான் வேறொரு வரலாற்றை எடுத்துக்கொண்டேன். நம்ம அலுவலகத்துல பீரோவுக்கு மேலே, சுவரில் ஆணியடித்து ஒரு சின்னப் பெட்டி மாட்டியிருக்கே, அதன் வரலாறு.

அந்தப் பெட்டியில பச்சை விளக்கு எரிஞ்சா நமக்கு நிம்மதி. சிவப்பு விளக்கு எரிஞ்சா அன்றைய வேலை போச்சு. கடன் விண்ணப்பம் ஏற்ற முடியாது, கணக்குப் பதிவு ஏறாது. கணக்காளர் பேப்பரை எல்லாம் மஞ்சப் பையில் போட்டுக்கொண்டு உத்திரமேரூர் கம்ப்யூட்டர் கடைக்குப் பஸ் ஏறணும். போன மழைக்காலத்தில் ஒரு குழுவின் கடன் விண்ணப்பம் இதனாலேயே தள்ளிப்போனது எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு நாம எல்லாரும் பெட்டியைத்தான் திட்டினோம். "மட்டமான பெட்டி அக்கா, வேற வாங்கிப் போடலாம்" என்று பேச்சு வந்தது.

பெட்டி மட்டமானதா, அல்லது நாம அதை வைத்துக்கொண்ட விதம் சரியில்லையா என்று யோசித்துப் பார்த்தேன். கிராமத்துக்குத் தொலைபேசி வந்த கதையைத் தேடிப் படிக்கப் படிக்க, நாற்பது வருஷமா இதே கேள்விதான் திரும்பத் திரும்ப வந்திருக்கு என்று தெரிந்தது.

தந்தி வந்தால் அழுகை

நம்மில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கிராமத்தில் போன் என்றால் தபால் ஆபீசில் ஒன்று, பெரிய பண்ணைக்காரர் வீட்டில் ஒன்று. வெளியூருக்குப் பேசணும்னா ட்ரங்க்கால் பதிவு செய்யணும். நம்பரைச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கணும். மணிக்கணக்கில் ஆகும். கிடைத்தாலும் "ஹலோ, ஹலோ" என்று கத்துவதிலேயே பாதி நேரம் போய்விடும். அவசரச் செய்தி தந்தியில்தான் வரும். தந்திக்காரர் சைக்கிள் தெருவில் திரும்பினாலே, என்ன ஏது என்று தெரியும் முன்பே பெண்கள் அழ ஆரம்பித்துவிடுவார்கள்.

பட்டணத்திலும் நிலைமை பெரிதாக வேறில்லை. போனுக்கு எழுதிப் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருப்பார்கள். கிராமத்துக்குப் போன் கொடுப்பது வீண் செலவு என்றே அப்போது பெரிய இடங்களில் பலர் நினைத்தார்கள். சோத்துக்கே வழியில்லாதவங்களுக்குப் போன் எதுக்கு என்பது அவர்கள் கேள்வி. பின்னாளில் நமக்குக் கடன் கொடுக்க வங்கி தயங்கியபோதும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான் கேட்டார்கள்.

வெயிலைத் தாங்கிய பெட்டி

போன் என்பது நம் கையில் இருக்கும் கருவி மட்டும் கிடையாது. யார் யாரோடு பேசணுமோ அவர்களை இணைத்துவிட நடுவில் ஒரு நிலையம் வேணும். அதைத்தான் எக்ஸ்சேஞ்ச் என்கிறோம். அந்தக் காலத்து எக்ஸ்சேஞ்ச் ஒரு பெரிய கட்டிடம். உள்ளே ஆயிரக்கணக்கான இரும்புச் சுவிட்சுகள் டக்டக்கென்று ஓடிக்கொண்டே இருக்கும். பிறகு வெளிநாட்டிலிருந்து மின்னணு எக்ஸ்சேஞ்ச் வந்தது. அதற்கு ஏ.சி. அறை வேணும், தூசி ஆகாது, கரண்ட் போகக்கூடாது. நம்ம ஊர்ல சித்திரை வெயில்ல அதை எங்கே வைப்பது?

1984-ல் மத்திய அரசு சி-டாட் என்ற ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கியது. ஒடிசாவில் ஒரு சின்ன ஊரில் பிறந்து, அமெரிக்காவில் தொலைபேசித் துறையில் வேலை பார்த்துத் திரும்பிய சாம் பிட்ரோடா இதற்கு முன்னால் நின்றார். நம் நாட்டு இளம் பொறியாளர்களை வைத்து, மூன்று வருஷத்தில் 36 கோடி ரூபாய்க்குள் நமக்கான எக்ஸ்சேஞ்ச் செய்து காட்டுவது என்பது திட்டம். அதில் முதலில் வந்தது சின்னதுதான். 128 முனை கொண்ட கிராமத்துத் தானியங்கி எக்ஸ்சேஞ்ச். 'ராக்ஸ்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஒரு பீரோ அளவுதான் இருக்கும்.

இதில் மூன்று விஷயம் முக்கியம். ஒன்று, ஏ.சி. கிடையாது. பெட்டிக்குள் சூடு தானாக மேலே ஏறி வெளியே போகிற மாதிரி அமைத்தார்கள். இரண்டு, மூளை போன்ற முக்கியமான பாகங்களை எல்லாம் இரட்டையாக வைத்தார்கள். ஒன்று நின்றால் இன்னொன்று உடனே வேலையை எடுத்துக்கொள்ளும். நம்ம குழுவில் ஒரு பிரதிநிதி ஊருக்குப் போனால் இன்னொருவர் கூட்டத்தை நடத்துகிற மாதிரி. மூன்று, பழுதானால் பெரிய இன்ஜினியர் வந்து கம்பி கம்பியாகப் பார்க்கத் தேவையில்லை. எந்த அட்டை கெட்டதோ அந்த அட்டையை உருவிவிட்டு வேறு அட்டை சொருகினால் போதும்.

முதல் ராக்ஸ் 1986-ல் கர்நாடகத்தில் கிட்டூர் என்ற ஊரில் நிறுவப்பட்டது. 1824-ல் வெள்ளைக்காரக் கம்பெனியை எதிர்த்துப் படை நடத்திய ராணி சென்னம்மாவின் கிட்டூர்தான் அது. அதன்பின் பல தொழிற்சாலைகளில் இதைச் செய்ய உரிமம் கொடுத்தார்கள். நாடு முழுக்கக் கிராமங்களுக்கு இந்தப் பெட்டிகள் போயின.

எங்கே வைக்கப்போகிறோம், அங்கே வெயில் எப்படி, கரண்ட் எப்படி, யார் பார்த்துக்கொள்வார்கள் என்று முதலில் கேட்டுவிட்டுப் பிறகு பெட்டி செய்தார்கள். அதனால்தான் அது நின்றது.

மஞ்சள் போர்டும் கடனில் வாங்கிய செல்போனும்

எக்ஸ்சேஞ்ச் வந்தாலும் வீட்டுக்கு வீடு போன் வாங்க நம்மிடம் காசு ஏது? அதற்கு வந்த வழிதான் எஸ்.டி.டி. பூத். மஞ்சள் போர்டு, கண்ணாடிக் கூண்டு, உள்ளே நேரத்தையும் ரூபாயையும் காட்டுகிற மீட்டர். இரவில் கட்டணம் குறையும் என்று காத்திருந்து வரிசையில் நின்றதை மறக்க முடியுமா? பேசிக்கொண்டே கண்ணை மீட்டர் மேலேயே வைத்திருப்போம்.

பூத்தில் நாம கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அதற்கு ஒரு ஆள் இருந்தார். மாற்றுத்திறனாளிகளுக்கும் கணவரை இழந்த பெண்களுக்கும் பூத் ஒதுக்குவதில் முன்னுரிமை இருந்தது. அந்த வருமானத்தில்தான் அவர்கள் குடும்பம் நடந்தது. போன் இரண்டு நாள் செத்துக் கிடந்தால் அவர்கள் அடுப்பு எரியாது. அதனால் லைன்மேன் பின்னாலேயே அலைந்து சரி செய்து வைப்பார்கள். தெருக்கோடியில் ஆளில்லாமல் நின்ற காசு போடும் போன்கள் உடைந்து தொங்க, பூத்து போன் மட்டும் வேலை செய்தது இதனால்தான்.

இதே சமயத்தில் பக்கத்து நாடான வங்கதேசத்தில் நம்மைப் போன்ற பெண்கள் ஒரு படி மேலே போனார்கள். 1997-ல் கிராமீன்போன் அங்கே சேவையைத் தொடங்கியபோது, கிராமீன் வங்கிக் கடன் குழுக்களில் இருந்த பெண்கள் கடன் வாங்கிச் செல்போன் எடுத்தார்கள். ஊருக்கு ஒரு போன். யாருக்குப் பேசணுமோ அவர்கள் அந்த அம்மா வீட்டுக்கு வந்து காசு கொடுத்துப் பேசுவார்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடமிருந்து அழைப்பு வந்தால் அந்த அம்மாவே வீட்டுக்குப் போய்க் கூப்பிடுவார். கறவை மாட்டுக்குக் கடன் வாங்குகிற மாதிரி போனுக்கும் கடன் வாங்கி, சம்பாதித்து, தவணை கட்டினார்கள். பிறகு செல்போன் மலிந்து வீட்டுக்கு வீடு வந்ததும் அந்தத் தொழில் தேய்ந்தது. அது தோல்வி இல்லை. அதுவரை அந்தப் பெண்களின் கையில்தான் ஊரின் பேச்சு இருந்தது.

சென்னையில் பிறந்த கம்பியில்லாப் பெட்டி

இப்போது நம்ம பெட்டியின் நேர்ப் பாட்டிக்கு வருவோம். அது பிறந்தது நமக்குப் பக்கத்தில்தான், சென்னை ஐ.ஐ.டி.யில்.

1990-களில் அங்கே பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா, பாஸ்கர் ராமமூர்த்தி முதலானவர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். 'டெனெட்' என்று அதற்குப் பெயர். அவர்கள் போட்ட கணக்கு நம்ம குழுக் கணக்கு மாதிரியே எளிமையானது. அன்றைக்கு ஒரு போன் இணைப்பு கொடுக்கக் கம்பெனிக்கு ஆகும் முதலீடு சுமார் 30,000 முதல் 40,000 ரூபாய். அந்த முதலீட்டுக்கு வட்டி, பராமரிப்பு எல்லாம் சேர்த்து மாதம் மாதம் வசூலிக்கணும்னா, நாட்டில் நூற்றுக்கு இரண்டு மூன்று குடும்பம்தான் கட்ட முடியும். அதே முதலீடு 10,000 ரூபாய்க்குக் குறைந்தால் பாதிப் பேர் வரை கட்ட முடியும். வசதியானவர்களுக்கு மலிவாகக் கொடுக்க வெளிநாட்டில் யாரும் மெனக்கெட மாட்டார்கள், அங்கே விலை ஏற்கெனவே அவர்களுக்குக் கட்டுப்படியாகிறது, நமக்கு நாமேதான் செய்துகொள்ளணும் என்பது அவர்கள் வாதம்.

செலவில் பெரும்பங்கு எதில் போகிறது என்று பார்த்தார்கள். எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு வரை பள்ளம் தோண்டிச் செம்புக் கம்பி புதைப்பதில். அந்தக் கம்பியைத்தான் மழையில் தண்ணீர் ஏறிக் கெடுக்கும், திருடனும் வெட்டிக்கொண்டு போவான். அந்தக் கடைசித் தூரத்துக்குக் கம்பியே வேண்டாம், ரேடியோ அலை போதும் என்று முடிவு செய்தார்கள். வீட்டுக்குள் மட்டும் பயன்படும் கம்பியில்லாப் போனுக்கு ஐரோப்பாவில் 'டெக்ட்' என்று ஒரு முறை இருந்தது. அதைக் கிராமத்துத் தூரத்துக்கு நீட்டினார்கள். ஐ.ஐ.டி.யில் படித்தவர்கள் தொடங்கிய மைடாஸ் என்ற சென்னை நிறுவனம் கருவியைச் செய்தது. அதற்கான சிப்புகளை அனலாக் டிவைசஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கினார்கள். 'கார்டெக்ட்' என்று பெயர் வைத்தார்கள்.

அது வேலை செய்த விதம் இதுதான். தாலுகா ஊரில் ஒரு நடுப் பெட்டி. அது 1,000 இணைப்பு வரை தாங்கும். பக்கத்தில் ஓர் உயரமான கோபுரம், அதன் உச்சியில் சின்னச் சின்ன அலைபரப்பிகள். ஒவ்வொன்றிலும் ஒரே நேரத்தில் 12 பேர் பேசலாம். நடுவே மறைப்பு இல்லாவிட்டால் 10 கிலோமீட்டர் வரை எட்டும். இடையில் இன்னொரு கோபுரம் வைத்து எடுத்துவிட்டால் 25 கிலோமீட்டர். கிராமத்தில் வீட்டுக் கூரைமேல் ஒரு கம்பத்தில் ஆன்டெனா, உள்ளே சுவரில் ஒரு பெட்டி. அந்தப் பெட்டியில் இரண்டு வாய். ஒன்றில் போன், இன்னொன்றில் கம்ப்யூட்டர். போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே இணையமும் ஓடும். கரண்ட் போனால் சமாளிக்கப் பேட்டரி உண்டு. ஏ.சி. வேண்டாம்.

போனும் இணையமும் ஒரே சுவர்ப் பெட்டியில் வந்தது இன்றைக்கு நமக்குச் சாதாரணம். அன்றைக்கு அது பெரிய விஷயம். வேகம் மட்டும் மெதுவு. போனும் பேசிக்கொண்டிருந்தால் 35 கிலோபிட், பேசாதபோது 70 கிலோபிட். இன்று செல்போனில் எடுக்கும் ஒரு எம்.பி. போட்டோவை 35-ல் அனுப்ப நான்கு நிமிடம் ஆகும். ஆனாலும் ஒன்றுமே இல்லாத ஊருக்கு அது வந்ததே வரம். மடகாஸ்கர், பிஜி போன்ற நாடுகளுக்கும் இந்தப் பெட்டி போனது.

மேலூரில் நடந்தது

பெட்டி தயார். கிராமத்துக்கு யார் கொண்டுபோவது? 2001-ல் அதே குழுவின் முயற்சியில் என்-லாக் என்ற நிறுவனம் தொடங்கியது. தாலுகாவுக்கு ஒரு உள்ளூர்த் தொழில்முனைவோர் கோபுரத்தைப் பார்த்துக்கொள்வார். கிராமத்துக்கு ஒருவர் சுமார் 50,000 ரூபாய் போட்டுக் கம்ப்யூட்டர், சுவர்ப் பெட்டி, ஆன்டெனா, பேட்டரி, பிரிண்டர், கேமரா எல்லாம் வைத்து இணைய நிலையம் நடத்துவார். பூத்து நடந்த மாதிரியே இதுவும் நடக்கும் என்பது எதிர்பார்ப்பு.

மதுரை மாவட்டம் மேலூர் பகுதியில் 'சாரி' என்ற திட்டத்தின் கீழ் இது பெரிய அளவில் நடந்தது. சென்னை ஐ.ஐ.டி.யோடு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்திருந்தன. நல்ல காரியங்கள் நடந்தன. கண்ணில் குறை உள்ளவர்களைக் கிராமத்து நிலையத்திலேயே போட்டோ எடுத்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். டாக்டர் பார்த்துவிட்டு, வர வேண்டுமா வேண்டாமா என்று சொல்வார். பிறப்புச் சான்று, வருமானச் சான்று போன்றவற்றுக்குத் தாலுகா ஆபீசுக்கு நிலையத்திலிருந்தே விண்ணப்பம் அனுப்பினார்கள். ஒரு நாள் கூலியையும் பஸ் காசையும் விட்டுவிட்டு ஆபீசுக்கு அலைவது எவ்வளவு கஷ்டம் என்று நமக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் சில வருஷங்களிலேயே அந்த நிலையங்களில் பெரும்பாலானவை மூடப்பட்டன. ஏன் என்று ஆராய்ந்து பார்த்தவர்கள் சொன்னதில் நாம கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, வருமானம் செலவுக்குக் கட்டவில்லை. இரண்டாவது, துணைக்கு நின்ற நிறுவனங்கள், அலுவலகங்களின் ஆதரவு தொடரவில்லை. சான்றிதழ் வேலை அந்தந்த அதிகாரியின் ஆர்வத்தில் நடந்தது. அவர் மாறிப்போனால் வேலையும் நின்றது. கம்ப்யூட்டர் பயிற்சி உள்ள உரிமையாளரோ பயிற்சி பெற்ற தனி ஆளோ இருந்த நிலையங்கள் மற்றவற்றைவிட அதிக நாள் தாக்குப் பிடித்தன. அதற்குள் செல்போனும் மலிந்துவிட்டது. ஊரில் போன் இருக்கிறது என்பதற்காக யாரும் நிலையத்துக்கு வரவேண்டிய தேவையும் குறைந்தது.

பெட்டி நல்ல பெட்டிதான். அதைச் சுற்றி நின்ற கால்கள்தான் ஒவ்வொன்றாக நகர்ந்துவிட்டன.

கதவை உடைத்து மைக்கைப் பிடித்த ஊர்

ஏறக்குறைய அதே காலத்தில் நமக்குத் தெற்கே புதுச்சேரியில் வேறு விதமாக ஒரு முயற்சி நடந்தது. 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்து, சுற்றியிருந்த கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. ஊருக்கு ஊர் கம்பியில்லா ரேடியோ கருவி வழியாகப் பேச்சும் தகவலும் போகும். கரண்ட் இல்லாதபோது சூரிய ஒளி மின்சாரம்.

அங்கே ஒரு நிபந்தனை இருந்தது. இடத்தை ஊர் கொடுக்கணும், நடத்த ஆளையும் ஊரே கொடுக்கணும். கருவியும் பயிற்சியும் நிறுவனம் தரும். எம்பலம் கிராமத்தில் கோயில் இடத்திலேயே மையம் நடந்தது, ஊர்ப் பெண்கள் பொறுப்பெடுத்தார்கள். தகவல் எல்லாம் தமிழில். நெல் விலை, ஆஸ்பத்திரி விவரம், அரசுத் திட்டங்கள், யார் எதற்குத் தகுதி என்ற பட்டியல். வீராம்பட்டினம் மீனவர் கிராமத்தில் கடல் அலை எவ்வளவு உயரம் வரும் என்பதை எடுத்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கும் காது இருக்கிறதே!

2004 டிசம்பர் 26. சுனாமி நாள். நல்லவாடு என்ற மீனவ கிராமத்திலும் இப்படி ஒரு மையம் இருந்தது. அந்த ஊர்ப் பையன் ஒருவர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். அங்கே செய்தியில் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். தண்ணீர் வருகிறது என்று வீட்டிலிருந்தவர்கள் சொன்னதும், உடனே எல்லாரையும் வெளியேறச் சொன்னார். ஊர்க்காரர்கள் மையத்தின் கதவை உடைத்து உள்ளே போய் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். சைரனையும் ஒலிக்கவிட்டார்கள். சுமார் 3,600 பேர் வாழ்ந்த ஊர். வீடுகள் போயின, படகுகள் போயின. உயிர் ஒன்றுகூடப் போகவில்லை.

இதில் பெரிய கருவி என்ன இருக்கிறது? ஒரு போன், ஒரு ஆம்ப்ளிஃபயர், கூரைமேல் ஒரு குழாய் ஸ்பீக்கர். ஆனால் அது எங்கே இருக்கிறது, எப்படிப் போடுவது என்று ஊருக்கே தெரிந்திருந்தது. தினமும் பயன்படுத்தினார்கள், அதனால் ஆபத்து நேரத்தில் கை தானாகப் போனது. நிஜமான நம்பகத்தன்மை என்றால் இதுதான்.

நம்ம கையால் செய்த போன்

இங்கே நம்ம மாவட்டத்துக் கதையையும் ஒரு வரி சொல்லணும். 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை திறந்தது. உலகத்திலேயே பெரிய செல்போன் தொழிற்சாலைகளில் ஒன்றாக வளர்ந்தது. 2014 நவம்பரில் அங்கே உற்பத்தி நின்றது. அங்கே வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்த பெண்களை நம்ம பக்கத்து ரோடுகளில் எத்தனை முறை பார்த்திருப்போம். சின்னத் திருகாணியைத் திருகி, பரிசோதித்து, பெட்டியில் போட்டு உலகத்துக்கே அனுப்பிய கைகள் அவை. அப்படியிருக்க, அலுவலகத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் மட்டும் "எலக்ட்ரிக் சமாச்சாரம், நமக்கு எதுக்கு, யாராவது பையனைக் கூப்பிடு" என்கிறோமே, அது ஏன்?

இன்று நம் சுவரில் இருக்கும் பெட்டி

2011-ல் மத்திய அரசு எல்லா ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கேபிள் கொண்டுபோகும் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. பின்னர் அதற்கு பாரத்நெட் என்று பெயர் வந்தது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கு இதைக் கொண்டுபோக டான்ஃபிநெட் என்ற அரசு நிறுவனம் ஏற்படுத்தப்பட்டது. முடியைப் போன்ற மெல்லிய கண்ணாடி இழையில் ஒளி ஓடி வருகிறது. சுவரில் இருக்கும் பெட்டி அந்த ஒளியை வாங்கி, வைஃபையாக அறை முழுக்கப் பரப்புகிறது. கார்டெக்ட் பெட்டியைவிடப் பல நூறு மடங்கு வேகம். விலையோ ஒரு பட்டுப் பாவாடை விலைதான்.

ஆனால் கெடுகிற காரணங்கள் மட்டும் மாறவில்லை. நம்ம அலுவலகப் பெட்டி நின்ற நாட்களைத் தீர்மானப் புத்தகத்துக்குப் பின்னால் ஒரு தாளில் மூன்று மாதமாகக் குறித்து வந்தேன். பெரும்பாலும் கரண்ட் போனதுதான் காரணம். இரண்டு முறை அடாப்டர் சூடாகிக் கெட்டது. ஒரு முறை ரீசார்ஜ் முடிந்துபோனது யாருக்கும் தெரியவில்லை. கேபிள் அறுந்தது ஒரே ஒரு முறை. அதைச் சரிசெய்ய யாருக்குப் போன் செய்வது என்று தெரியாமல் நான்கு நாள் போனது. ஆக, பெட்டிக்குள் இருக்கும் கோளாறு என்று சொல்ல ஒன்றுகூட இல்லை!

அடுத்த கூட்டத்துக்கு முன்வைக்கும் யோசனைகள்

நம்ம உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பார்க்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் வருகிறார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டியது. குடவோலைத் தேர்தல் பற்றி எல்லாரும் பேசுவார்கள். அந்தச் சபையில் நிலமும் வேதக் கல்வியும் உள்ளவர்களுக்குத்தான் இடம். நம்மைப் போன்றவர்களுக்கு இல்லை. இருந்தாலும் அதில் நமக்கு உதவுகிற விஷயம் இருக்கு. ஏரிக்கென்று தனி வாரியம் வைத்தார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்களை மறுபடி சேர்க்கக் கூடாது, அவர்கள் உறவினரையும் சேர்க்கக் கூடாது என்று கல்லிலேயே வெட்டினார்கள். ஏரியை வெட்டினால் மட்டும் போதாது, கரையைப் பார்த்துக்கொள்ள ஆளும் கணக்கும் வேண்டும் என்று ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

நம்ம பெட்டிக்கும் அதுதான் வழி. அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போட நான் முன்வைப்பது இவை:

1. பெட்டிக்கு இரண்டு பொறுப்பாளர்கள். ஒருவர் இல்லாவிட்டால் இன்னொருவர். ராக்ஸ் பெட்டியில் இரட்டை மூளை வைத்த மாதிரி. இருவரும் நம் உறுப்பினர்களாகவே இருக்கட்டும்.

2. பெட்டிக்கென்று ஒரு சின்ன பேட்டரி. வைஃபை பெட்டிக்காகவே விற்கும் சிறிய யு.பி.எஸ். போதும். கூடவே உபரியாக ஒரு அடாப்டர் பீரோவில் இருக்கட்டும்.

3. இடத்தை மாற்றணும். இப்போது வெயில் படும் சுவரில், பீரோவின் இரும்புக்கு ஒட்டி இருக்கு. இரும்பு அலையை மறைக்கும், வெயில் பெட்டியைச் சூடாக்கும். காற்றோட்டமாக, உயரமாக, அறை நடுவுக்குப் பக்கமாக மாட்டலாம். ஐப்பசி கார்த்திகையில் இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கி வைக்கணும்.

4. மாதம் உறுப்பினர் ஒருவருக்கு இரண்டு ரூபாய் 'பெட்டி நிதி'. ரீசார்ஜ் தேதி, செலவு எல்லாம் கணக்கு நோட்டில் ஏறணும். அலுவலகத்தில் சான்றிதழ் விண்ணப்பம், பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பம் போட்டுக் கொடுத்து வரும் சிறு கட்டணமும் இதில் சேரட்டும். மேலூரில் வருமானம் கட்டாமல் மூடியதை மறக்க வேண்டாம்.

5. புகார் எண், கேபிள்காரர் எண், நம் இணைப்பு எண் மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டணும். நல்லவாட்டில் மைக் எங்கே என்று ஊருக்கே தெரிந்த மாதிரி, நமக்கும் எல்லாருக்கும் தெரியணும்.

ஆரம்பத்தில் நாம கையெழுத்துப் போடவே கை நடுங்கியவர்கள். வங்கி மேனேஜர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றவர்கள். இன்றைக்கு லட்சக்கணக்கில் கடன் வாங்கித் தவணை தவறாமல் கட்டுகிறோம். வங்கி நம்மை நம்புவதற்குக் காரணம் நம்மிடம் இருக்கும் சொத்து இல்லை. வாரா வாரம் கூடுகிறோம், கணக்கு எழுதுகிறோம், ஒருவர் தடுமாறினால் இன்னொருவர் நிற்கிறோம். பெட்டியும் அப்படித்தான் நம்பகமாகும்.

அதனால் புதுப்பெட்டி வாங்கும் பேச்சை இப்போதைக்குத் தள்ளிவைப்போம். இருக்கிற பெட்டிக்கு முதலில் இரண்டு பேரைப் போடுவோம். யார் யார் வருகிறீர்கள் என்று அடுத்த கூட்டத்தில் கை தூக்குங்கள். நான் ஒரு கை தூக்கிவிட்டேன்.